கொடுத்துவிட்ட ரகசியம்



மென்பொருள் எழுதுகிறவர்களும் எழுதக் கற்றுக்கொண்டிருப்பவர்களும் இங்கே கூடியிருக்கிறீர்கள். அதனால் நம் தொழிலில் ஓயாமல் கேட்கப்பட்டுவரும் ஒரு கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஒருவர் ஜாவாவில் ஒரு நிரல் எழுதுகிறார். மருந்துக்கடையின் இருப்புக் கணக்காக இருக்கலாம், பள்ளியின் கட்டண வசூலாக இருக்கலாம். அந்த நிரல் எங்கோ ஒரு சர்வரில் இருக்கும் தரவுத்தளத்தோடு இணைய வேண்டும். இணைவதற்குப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். இரண்டையும் மேற்கோள்குறிக்குள் நிரலிலேயே எழுதிவிடுகிறார். நிரலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாள் நெருங்கும்போதுதான் மனம் உறுத்துகிறது. யாராவது இதை டீகம்பைல் செய்து கடவுச்சொல்லைப் படித்துவிட்டால் என்ன செய்வது? எப்படி மறைப்பது?

மறைக்க முடியாது. தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். அந்தக் கடவுச்சொல் அந்த இடத்தில் இருக்கவே கூடாது. ஏன் மறைக்க முடியாது, அப்படியானால் எங்கே வைப்பது என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருப்பது நம் தரவு இல்லை. யாரோ ஒரு நோயாளியின் மருந்துச்சீட்டு, யாரோ ஒரு குழந்தையின் முகவரி. நம்மை நம்பி அவர்கள் கொடுத்தது.

கம்பைல் செய்துவிட்டால் மனிதரால் படிக்க முடியாது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஜாவாவின் கிளாஸ் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தால் அந்த எண்ணம் உடனே கலைந்துவிடும். கோப்பின் தலையில் நான்கு பைட்டுகள் இருக்கும். பதினாறு அடிமான எண்ணில் எழுதினால் 'கஃபே பேப்' என்று படிக்கலாம். இது கிளாஸ் கோப்பு என்பதற்கான முத்திரை. அடுத்து பதிப்பு எண். அதற்கு அடுத்தபடியாகவே 'கான்ஸ்டன்ட் பூல்' என்ற மாறிலிப் பட்டியல் வந்துவிடுகிறது. நிரலில் வரும் வகுப்புகளின் பெயர்கள், செயற்கூறுகளின் பெயர்கள், நீங்கள் மேற்கோள்குறிக்குள் எழுதிய ஒவ்வொரு சரமும், எல்லாம் அந்தப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து அப்படியே உட்கார்ந்திருக்கும். இதைப் படிக்க டீகம்பைலர்கூடத் தேவையில்லை. ஜாவா உருவாக்கத் தொகுப்போடு இலவசமாக வரும் 'ஜாவா-பி' என்ற கட்டளை போதும். அதுவும் இல்லையென்றால் சாதாரண உரைத்தொகுப்பி ஒன்றில் கோப்பைத் திறந்தாலே, புரியாத குறிகளுக்கு நடுவே உங்கள் கடவுச்சொல் தெரியும்.

டீகம்பைலரும் புதிய ஆயுதம் ஒன்றும் இல்லை. ஜாவாவின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளியானது. அதே ஆண்டில் ஹான்பீட்டர் வான் ஃப்ளீட் என்ற டச்சு நிரலர் 'மோக்கா' என்ற டீகம்பைலரை வெளியிட்டார். கிளாஸ் கோப்பைக் கொடுத்தால் மூலநிரலைத் திருப்பித் தந்தது அது. தங்கள் உழைப்பு அம்பலமாகிவிட்டதே என்று நிரலர்கள் கொதித்தார்கள். மோக்காவைத் தடுமாற வைப்பதற்காகப் பெயர்களையெல்லாம் குழப்பித் தரும் 'கிரேமா' என்ற கருவியையும் அவரே எழுதினார். படிக்கும் கருவியும் மறைக்கும் கருவியும் ஒரே கையிலிருந்து பிறந்தன. அந்த மனிதர் 1996 முடிவில் புற்றுநோயால் இளவயதிலேயே இறந்துபோனார். அவர் தொடங்கிவைத்த பந்தயம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இன்று ஃபெர்ன்ஃபிளவர், சி.எஃப்.ஆர்., ஆண்ட்ராய்டுக்கு ஜாடெக்ஸ், டாட்நெட்டுக்கு ஐ.எல்.ஸ்பை என்று எத்தனையோ கருவிகள். ஃபெர்ன்ஃபிளவர் இன்டெலிஜே என்ற நிரல் எழுதும் சூழலோடு சேர்ந்தே வருகிறது. நம்மில் பலர் அதைத் தினமும், பெயர் தெரியாமலே, பயன்படுத்துகிறோம்.

சரி, கொஞ்சம் மறைத்து எழுதுகிறேன் என்று முயல்கிறவர்கள் செய்வதைப் பார்ப்போம். கடவுச்சொல்லை இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் கூட்டல் குறி போட்டு எழுதுகிறார்கள். ஜாவா கம்பைலர் என்ன செய்யும் தெரியுமா? இரண்டு பக்கமும் மாறாத சரங்கள் என்பதால், கம்பைல் செய்யும்போதே இரண்டையும் ஒட்டி ஒரே சரமாக மாறிலிப் பட்டியலில் போட்டுவிடும். வெட்டிய வேலை வீண். இன்னும் ஒன்று. மாறாத சரமாக ஒரு வகுப்பில் கடவுச்சொல்லை அறிவித்தால், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு வகுப்பின் கோப்பிலும் அதன் நகல் ஒன்று பதிந்துவிடும். ஓரிடத்தில் எழுதினோம் என்று நினைத்திருப்போம். பத்து இடத்தில் இருக்கும்.

அடுத்த கட்டமாக 'பேஸ் 64' முறையில் மாற்றி எழுதுகிறார்கள். அது குறியாக்கம், மறையாக்கம் இல்லை. பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பார்த்ததுமே தெரியும். அதற்கும் அடுத்தபடி, உண்மையான மறையாக்கம்: ஏ.இ.எஸ். முறையில் கடவுச்சொல்லைப் பூட்டி நிரலில் வைப்பது. இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். நிரல் ஓடும்போது அதுவே அந்தப் பூட்டைத் திறந்தாக வேண்டும் அல்லவா? ஆகவே சாவியும் நிரலில்தான் இருக்கும். பூட்டிய பெட்டியையும் அதன் சாவியையும் ஒரே சாக்கில் கட்டி அனுப்பிவிட்டு, சாவியைத் தேட நேரமாகும் என்று ஆறுதல்பட்டுக்கொள்கிறோம்.

உண்மையில் சாவியைத் தேடவேண்டிய அவசியம்கூட இல்லை. ஜாவா நிரல் தரவுத்தளத்தோடு இணையும்போது, 'டிரைவர்' என்ற இணைப்பு நூலகத்திடம் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வெறும் எழுத்தாகவே ஒப்படைக்கிறது. எத்தனை அடுக்கு மறையாக்கம் செய்திருந்தாலும் அந்த ஒரு கணத்தில் எல்லாம் அவிழ்ந்துதான் ஆக வேண்டும். நிரல் ஓடுவது வாடிக்கையாளரின் கணினியில். டிரைவர் கோப்பும் அவருடைய வன்தட்டில்தான் கிடக்கிறது. அதே பெயரில் வேறொரு டிரைவரை எழுதி, வந்த கடவுச்சொல்லைத் திரையில் அச்சிடச் சொல்லி, பழைய கோப்பு இருந்த இடத்தில் வைத்துவிட்டால் போதும். உங்கள் நிரலில் ஒரு வரியைக்கூட அவர் படிக்க வேண்டியதில்லை. அல்லது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தை 'ஜே-மேப்' கட்டளையால் அப்படியே கோப்பாக எடுத்து, அதற்குள் தேடலாம். இதுவும் ஜாவாவோடு வரும் கருவிதான். டீகம்பைலரைத் தடுப்பது எப்படி என்று நாம் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, டீகம்பைலர் தேவைப்படாத வழிகளே இத்தனை திறந்து கிடக்கின்றன.

"அப்படியானால் சி மொழியில் எழுதிவிடுகிறேன், அது இயந்திரமொழி ஆயிற்றே" என்பார் ஒருவர். சரங்கள் அங்கேயும் சரங்களாகவேதான் இருக்கும். யூனிக்ஸில் 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற சிறு கட்டளை, எந்தக் கோப்பிலிருந்தும் படிக்கத்தக்க எழுத்துத் தொடர்களைப் பொறுக்கித் தந்துவிடும். இயந்திரமொழியின் ஓட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு காலத்தில் நிபுணத்துவமும் விலையுயர்ந்த மென்பொருளும் வேண்டியிருந்தது உண்மை. 2019 மார்ச்சில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, தான் உள்ளுக்குள் பயன்படுத்திவந்த 'கீட்ரா' என்ற கருவியை இலவசமாக வெளியிட்டது. கல்லூரி மாணவரும் தன் மடிக்கணினியில் அதை வைத்துக்கொள்ளலாம்.

இது கருவிகளின் வளர்ச்சியால் மட்டும் வந்த நிலைமை என்று எண்ணாதீர்கள். ஆகஸ்ட் கெர்க்கோஃப்ஸ் என்ற மொழி ஆசிரியர் 1883இல் பிரெஞ்சு ராணுவ இதழ் ஒன்றில் மறையெழுத்து பற்றி எழுதினார். எந்திரமும் முறையும் எதிரி கையில் அகப்பட்டாலும் பாதுகாப்புக் குலையக் கூடாது, சாவி ஒன்றுதான் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. நாமோ சாவியையும் எந்திரத்துக்குள் வைத்தே அனுப்புகிறோம். 2001இல் போவாஸ் பராக், ஓடெட் கோல்ட்ரைக் உள்ளிட்ட எழுவர் இதைக் கணிதமாகவே ஆராய்ந்தார்கள். எந்த நிரலைக் கொடுத்தாலும் உள்ளே இருப்பது துளியும் தெரியாதபடி ஆக்கித் தரும் பொதுவான கருவி ஒன்று இருக்கவே முடியாது என்று நிறுவினார்கள். அதற்குப் பின்னர் இந்தத் துறையில் அழகான கோட்பாடுகள் வந்திருக்கின்றன. ஆனால் நாளைக் காலை நாம் வாடிக்கையாளருக்கு அனுப்பும் நிரலுக்கு அவை உதவும் நிலையில் இல்லை.

ஒரு நிகழ்வைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கம்பைல் செய்த நிரலுக்குள் கடவுச்சொல்லை ஒளிப்பதில் மிகத் தேர்ந்த ஒருவர் செய்த வேலை அது. 2015 டிசம்பர் 17 அன்று ஜூனிப்பர் நிறுவனம், தன் நெட்ஸ்கிரீன் தீச்சுவர்க் கருவிகளின் இயக்க மென்பொருளில் அனுமதியில்லாத நிரல் வரிகள் இருப்பதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. செல்லுபடியாகும் ஒரு பயனர்பெயரோடு குறிப்பிட்ட ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்தால் நிர்வாகியாக உள்ளே விடும்படி யாரோ எழுதிவைத்திருந்தார்கள். கடவுச்சொல் எது என்று நிறுவனம் சொல்லவில்லை. திருத்தப்பட்ட பதிப்பை மட்டும் வெளியிட்டது. உலகெங்கும் இருந்த ஆய்வாளர்கள் உடனே பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து, இயந்திரமொழியில் எது மாறியிருக்கிறது என்று தேடத் தொடங்கினார்கள். மூன்றே நாளில், டிசம்பர் 20 அன்று, ரேபிட்7 நிறுவனத்தார் கடவுச்சொல்லை வெளியிட்டார்கள்.

அந்தக் கடவுச்சொல்லின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். அது சொல் மாதிரியே இல்லை. நிரலர்கள் பிழை தேடும்போது மதிப்புகளை அச்சிட எழுதுவார்களே, சதவீதக் குறியும் அடைப்புக்குறியும் சமக்குறியும் கலந்த ஒரு வரி, அதைப் போலவே இருந்தது. அந்த மென்பொருளில் அதுபோன்ற வரிகள் ஏராளம் உண்டு. 'ஸ்ட்ரிங்ஸ்' கட்டளையால் எல்லாச் சரங்களையும் எடுத்துப் பட்டியலிட்டாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அவ்வளவு யோசித்து ஒளித்திருக்கிறார்கள். அப்படியும், இங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்த பிறகு அது மூன்று நாள்தான் தாங்கியது. நாம் இரவோடு இரவாக எழுதும் எழுத்துமாற்றுச் சூத்திரம் எவ்வளவு தாங்கும்?

கண்டுபிடிக்கப்பட்ட பின் மாற்ற முடியாத கடவுச்சொல் இன்னும் கொடியது. சீமென்ஸ் நிறுவனத்தின் 'வின்-சிசி' என்ற தொழிற்சாலைக் கண்காணிப்பு மென்பொருளில், தரவுத்தளக் கடவுச்சொல் நிரலிலேயே பதிக்கப்பட்டிருந்தது. அது 2008லேயே இணையத்தில் பகிரங்கமாகியிருந்தது. ஈரானின் யுரேனியச் செறிவூட்டல் ஆலையைக் குறிவைத்து, 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் நச்சுநிரல் அந்தக் கடவுச்சொல்லையும் பயன்படுத்தியது. செய்தி வெளியானபோது வாடிக்கையாளர்களுக்குச் சீமென்ஸ் சொன்ன அறிவுரை என்ன? கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம், மாற்றினால் ஆலையின் இயக்கம் பாதிக்கப்படலாம் என்பது. நிரலுக்குள் பதித்த கடவுச்சொல்லின் முழுக் கேடும் இதில் தெரிகிறது. திருடுபோனது என்று தெரிந்த பின்னும் அதையே வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியிருக்கிறது.

கைப்பேசிச் செயலிகளிலும் இதே கதைதான். 2014இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜேசன் நீ, நிக்கோலா வியென்னோ ஆகியோர் கூகுள் பிளேயில் இருந்த 8,80,000க்கும் மேற்பட்ட இலவசச் செயலிகளை டீகம்பைல் செய்து பார்த்தார்கள். அமேசான், ஃபேஸ்புக் போன்ற சேவைகளுக்கான ரகசியச் சாவிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. எட்டு ஆண்டு கழித்து, 2022இல், சைமான்டெக் ஆய்வாளர்கள் அமேசான் மேகக்கணினிச் சாவிகள் பதிந்த 1,859 செயலிகளைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் ஐந்து வங்கிச் செயலிகள், அடையாளம் சரிபார்க்க வெளியாரின் நூலகம் ஒன்றைப் பயன்படுத்தின. அந்த நூலகத்துக்குள் கிடந்த சாவி வழியாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உடற்கூற்று அடையாளப் பதிவுகள் வெளியே தெரிந்தன. வங்கியின் நிரலர்கள் தங்கள் கையால் எதையும் எழுதியிருக்க மாட்டார்கள். ஆயினும் பிறர் எழுதிய நூலகத்தைச் சேர்த்தவுடன் அதில் உள்ள கவனக்குறைவும் சேர்ந்தே வந்துவிட்டது. கடவுச்சொல் தொலைந்தால் மாற்றிக்கொள்ளலாம். விரல்ரேகையை மாற்றிக்கொள்ள முடியுமா?

இனி, எங்கே வைப்பது என்பதற்கு வருகிறேன். முதலில் அந்தக் கடவுச்சொல் யாருடையது என்று கேளுங்கள்.

பயனர் தாமே தட்டச்சு செய்யும் கடவுச்சொல் என்றால், அது நிரலில் இருக்கவேண்டிய தேவையே இல்லை. யூனிக்ஸ் இதை 1970களிலேயே தீர்த்துவிட்டது. ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் எழுதிய கட்டுரையில் அந்த அனுபவம் பதிவாகியிருக்கிறது. கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளாமல், அதிலிருந்து திருப்ப முடியாதபடி கணக்கிட்ட ஓர் எச்சத்தை மட்டும் வைத்துக்கொள்வது அந்த வழி. இன்று அதற்கு ஆர்கான்2, பிகிரிப்ட் போன்ற வலுவான முறைகள் உண்டு. ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்த எச்சத்தை வாடிக்கையாளரின் கணினியிலேயே வைத்து, பொருந்தினால் உள்ளே விடு, இல்லையேல் விடாதே என்று எழுதினால் பயனில்லை. அந்த 'இல்லையேல்' என்ற ஒரு கட்டளையைப் புரட்டிவிட்டால் கதவு திறந்துவிடும். சரிபார்ப்பு சர்வரில் நடக்க வேண்டும். இணையம் இல்லாமல் ஓடும் நிரல் என்றால், பயனர் தரும் கடவுச்சொல்லிலிருந்தே ஒரு சாவியை வருவித்து, அந்தச் சாவியால் தரவைப் பூட்ட வேண்டும். அப்போது புரட்டுவதற்குக் கட்டளை ஏதும் இருக்காது. சரியான கடவுச்சொல் இல்லாதவருக்குக் கிடைப்பது வெறும் குப்பைப் பைட்டுகள்.

நிரலுக்கென்று ஒரு தரவுத்தளக் கடவுச்சொல் என்றால், நடுவில் ஒரு சர்வரை நிறுத்துங்கள். வாடிக்கையாளர் கையில் உள்ள நிரல் அந்தச் சர்வரோடு மட்டும் பேசட்டும். பயனர் தன் சொந்தப் பெயரில் உள்ளே வரட்டும். அவருக்குச் சிறிது நேரம் மட்டும் செல்லுபடியாகும் டோக்கன் கிடைக்கட்டும். தரவுத்தளக் கடவுச்சொல் உங்கள் சர்வரைத் தாண்டிப் போகாது. தரவுத்தளமும் அந்தச் சர்வர் ஒன்றுக்கு மட்டும் காது கொடுக்கும். சர்வர் வைக்க வசதியில்லாத சிறிய இடம் என்றால், குறைந்தபட்சம் ஒவ்வொரு ஊழியருக்கும் தரவுத்தளத்தில் தனிக்கணக்கு கொடுத்து, அவருக்குத் தேவையான அட்டவணைகளை மட்டும் திறந்துவிடுங்கள். எல்லோருக்கும் பொதுவாக 'ரூட்' கணக்கைக் கொடுத்திருப்பதை ஒருபோதும் ஏற்க முடியாது. அது யாருடைய தரவைப் பணயம் வைக்கிறது என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறருடைய சேவையைப் பயன்படுத்தும் செயலிகளுக்கு நம் துறை ஒரு நல்ல வழியைக் கண்டிருக்கிறது. ஓ-ஆத் என்ற அனுமதி முறையில் தொடக்கத்தில் செயலிக்கென்றே ஒரு ரகசியம் தரப்பட்டது. கைப்பேசிச் செயலியில் அது எப்படித் தங்கும்? 2015இல் நாட் சகிமுரா, ஜான் பிராட்லி, நவீன் அகர்வால் ஆகிய மூவர் வகுத்த ஆர்.எஃப்.சி. 7636 இதை மாற்றியது. செயலி ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தற்செயல் எழுத்துத் தொடரை உருவாக்குகிறது. அதை வெளியே சொல்லாமல், அதன் எச்சத்தை மட்டும் சர்வருக்கு முதலில் அனுப்புகிறது. பயனர் அனுமதி கொடுத்துத் திரும்பி வந்தபின் அசல் தொடரைக் காட்டுகிறது. சர்வர் அதன் எச்சத்தைக் கணக்கிட்டு, முன்பு வந்ததோடு ஒப்பிட்டு, கேட்டவரும் வந்தவரும் ஒருவரே என்று அறிகிறது. நடுவில் எவராவது ஒட்டுக்கேட்டு எச்சத்தைப் பிடித்திருந்தாலும் அதிலிருந்து அசலைப் பெற முடியாது. இந்தச் செயலியை டீகம்பைல் செய்கிறவருக்கு எது கிடைக்கும்? இந்த முறை எப்படி இயங்குகிறது என்ற விளக்கம் கிடைக்கும். அதுதான் ஊரறிந்த ஆவணமாயிற்றே! எனக்கு இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒளிப்பதற்கு எதுவுமே இல்லாத இடத்துக்கு வந்துசேர்ந்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து வந்த ஆர்.எஃப்.சி. 8252, பலருக்கு விநியோகிக்கும் செயலியில் பதித்த ரகசியத்தை ரகசியமாகக் கருத வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லிவிட்டது.

சில சாவிகள் செயலியில் இருந்தே ஆக வேண்டியவை. வரைபடச் சேவைக்கான சாவி அப்படிப்பட்டது. அது வெளியே தெரியும் என்று ஒப்புக்கொண்டு, உங்கள் செயலியின் பெயருக்கும் கையொப்பச் சான்றிதழுக்கும் மட்டும் செல்லும்படி கட்டுப்படுத்தி, நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரம்பும் வையுங்கள். புரோகார்டு, ஆர்8 போன்ற குழப்பும் கருவிகளையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். செயலியின் அளவு குறையும், உங்கள் கணக்கீட்டு முறைகளை நகலெடுப்பவருக்கு வேலை கூடும். ஆனால் அவை மாற்றுவது பெயர்களை. சரங்களை அவை தொடுவதில்லை என்பதை மறவாதீர்கள்.

கடவுச்சொல் பதிந்த நிரலை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதே என்று தவிப்பவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். அடுத்த பதிப்பில் அதை நீக்கிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். பழைய பதிப்பு யாரோ ஒருவரின் கணினியில் இருக்கிறது. கிட் களஞ்சியத்தின் வரலாற்றில், நீங்கள் அழித்த வரியும் பத்திரமாக இருக்கிறது. கடவுச்சொல்லையே மாற்றுவதுதான் ஒரே வழி. இன்று மாலையே செய்யக்கூடியது, அந்தக் கணக்கு தரவுத்தளத்தில் எதையெல்லாம் செய்ய முடிகிறது என்று பார்த்து, தேவையற்ற உரிமைகளைப் பறிப்பது. பிறகு நடுச்சர்வரைக் கட்டி, வாடிக்கையாளர்களைப் புதிய பதிப்புக்கு மாற்றி, ஒரு நாளைக் குறித்துப் பழைய கணக்கை மூடுங்கள். மூடிய பின் சில நாள் தரவுத்தளத்தின் பதிவேட்டைப் படியுங்கள். மறுக்கப்பட்ட நுழைவுகள் எங்கிருந்து வருகின்றன என்று அதில் தெரியும். கிளை அலுவலகத்தில் மறந்துபோன பழைய கணினி ஒன்று, மாத அறிக்கைக்காக எவரோ எழுதிவைத்த தனி நிரல் ஒன்று என்று அவை ஒவ்வொன்றாக முகம் காட்டும். உங்களுக்கு அறிமுகமே இல்லாத முகவரியிலிருந்து வந்தால், தரவைக் கொடுத்தவர்களுக்கு அன்றே தெரிவியுங்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.